எட்டு மணி வரைக்கும் வின்ஸ் சாகவில்லை

வின்ஸின் வாய் மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐலீன் தாடையைக் கீழிருந்து ஏந்தி அழுத்தி மூடினாள். கையை எடுத்ததும் திறந்துகொண்டது. இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் திறந்தது. உயிரோடு இருந்தபோதே இவன் வாயை மூட ஒருத்தராலும் முடிந்ததில்லை, செத்த பிறகா மூடிவிடப் போகிறான்!

“துணி வெச்சுக் கட்டணும்மா,” என்றாள் கெரி. மகள் ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில், பளபளக்கும் தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அவனுக்கென்று வாங்கிய கிறிஸ்மஸ் பரிசு. சாப்பிட்ட பிறகு பிரிக்கிறேன் என்று காலையில் சொல்லியிருந்தான். ஐலீன் தாளைக் கிழித்து உள்ளேயிருந்த கம்பளி மஃப்ளரை உதறினாள். தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டதும் முயல் காது மாதிரி இரண்டு முனைகள் எழுந்து நின்றன. அவன் மட்டும் கண்ணாடியில் பார்த்திருந்தால் இதை வைத்தே பத்து நிமிஷம் ஓட்டியிருப்பான்.

கீழே முன்னறை டிவியில் மன்னரின் மூன்று மணி கிறிஸ்மஸ் உரை முடிந்து தேசியகீதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வான்கோழி வேகிற வாசனை படியேறி வந்தது. கெரி கைபேசியை எடுத்தாள்.

“நர்ஸுக்குப் போன் போடறேன். அவங்க வந்து பாத்து எழுதிக் குடுத்தாத்தானே மத்ததெல்லாம்.”

“வை அதை.”

“என்னம்மா?”

“நிகழ்ச்சி முடிஞ்சதும் போடலாம். எட்டு மணி வரைக்கும் உங்கப்பன் சாகல.”

கெரி தாயைப் பார்த்தாள். மஃப்ளர் கட்டிய தகப்பனைப் பார்த்தாள். “உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?”

“அவன் கேட்டுக்கிட்டான், நான் சரின்னு சொல்லிட்டேன். முன்னாடியே விஷயம் வெளிய போச்சுன்னா நிகழ்ச்சியைத் தூக்கிருவாங்க.”

தூக்கத்தான் தூக்குவார்கள். கெரிக்கும் அது தெரியும்.

இருபது வருஷமாக வின்ஸ் ஹாலம் சோறு தின்றது ‘யார் வாய் பெருசு’ நிகழ்ச்சியால்தான். ஆறு நகைச்சுவைக்காரர்கள் இரண்டு அணியாக உட்கார்ந்து ஒருத்தரையொருத்தர் வாரிக்கொள்வதை நாடே பார்க்கும். ஆனால் நாடு வின்ஸைப் பார்த்ததில்லை. காமிரா ஓடுவதற்கு முன்னால், டிக்கெட் வாங்கி வந்து குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரைச் சிரிக்கவைத்துச் சூடேற்றுவது அவன் வேலை. நட்சத்திரங்கள் மேஜைக்கு வந்ததும் இருட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். “மேட்ச்சுக்கு முன்னாடி புல்லு வெட்டறவன்” என்பான் அவனுடைய தம்பி நெவில், முகத்துக்கு நேராகவே. வின்ஸும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அன்று ராத்திரி அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சியை எடுப்பது நவம்பர் பாதியில். பஞ்சில் பனி, பிளாஸ்டிக் வான்கோழி, ஆளுக்கொரு காகிதக் கிரீடம். கூட்டத்தையும் அந்தப் பொய்க்குப் பழக்க வேண்டும், அதுவும் வின்ஸின் தலையில்தான். “இன்னைக்கு டிசம்பர் இருபத்தஞ்சு. வெளிய என்ன தேதின்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேற மாசம் பேர் எவன் வாயிலயாவது வந்துச்சு, அவன் சிரிப்பையும் சேர்த்து வெட்டிருவாங்க!” இருபது நவம்பர் இதையே சொன்னான். ஐலீனுக்கே மனப்பாடம்.

இந்த வருஷம் அதிர்ஷ்டம் காய்ச்சல் ரூபத்தில் வந்தது. பங்கேற்க வேண்டிய நடிகை ஒருத்தி மத்தியானம் படுத்துவிட்டாள். ஆள் தேட நேரமில்லை. தயாரிப்பாளர் பெண் ஓடிவந்து, “வின்ஸ், நீ உக்காருவியா?” என்று கேட்டிருக்கிறாள். அறுபத்தாறு வயசில்! நடிகையின் அளவுக்குப் பின்னி வைத்திருந்த மான் படம் போட்ட ஸ்வெட்டர் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நுரையீரலில் வந்த கட்டி செப்டம்பரிலிருந்து அவனைச் செதுக்கிக்கொண்டிருந்ததே, பொருந்தாமல் என்ன செய்யும். அங்கே யாருக்கும் அதைச் சொல்லவில்லை. மேக்கப்காரிதான் இரண்டு முறை கன்னத்தில் சிவப்புப் பூசினாளாம்.

அன்றைக்கு நடந்ததை அவன் சொன்ன மாதிரியே ஐலீனால் ஒப்பிக்க முடியும். நிகழ்ச்சியை நடத்துகிற ஜாஸ்பர், பாதியில் இவன் பக்கம் திரும்பியிருக்கிறான். ஜாஸ்பருக்குப் பல் வரிசை அழகு, நாக்கு பிளேடு. “வின்ஸ், உன்னைப் பாத்தா அடுத்த வருஷ காலண்டர் வாங்கிக் குடுக்கறதே தண்டச்செலவு போலிருக்கே!” கூட்டம் ‘ஓ’ என்றது. வின்ஸ் ஒரு மூச்சு காத்தான். பிறகு நிதானமாக, “என் டாக்டர்கூட இவ்வளவு அவசரப்படல ஜாஸ்பர், நீங்கதான் எனக்கு நவம்பர்லயே கிறிஸ்மஸ் கொண்டாடிட்டீங்க!” என்றான்.

முந்நூறு பேரும் கவிழ்ந்தார்கள். ஜாஸ்பர் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். மூச்சு வாங்க ஒளிப்பதிவையே கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். அவனுடைய வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னான், மறுநாள் சொன்னான், ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னான், கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனிடமும் சொன்னான். “கிறிஸ்மஸ் அன்னைக்குப் பாரு ஐலீன், ஊரே என்னைப் பாக்கும். நெவில் மூஞ்சியைப் பாக்கணும் நான்.”

மூன்று வருஷம் முன்னால் பங்கேற்ற ஒருவர் கிறிஸ்மஸ் வாரத்தில் செத்துப்போனார். மரியாதை, துக்கம் என்று சொல்லி அந்த நிகழ்ச்சியையே எடுத்துவிட்டுப் பழசு ஒன்றைப் போட்டார்கள். “ஒளிபரப்புக்கு முன்னாடி சாகறானே, கூட நடிச்சவங்க வயித்துல அடிக்கற வேலை,” என்று வின்ஸ் அப்போது பொரிந்து தள்ளினான். முந்தாநாள் ஐலீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எட்டு மணி வரைக்கும் நான் சாகல, புரியுதா? செத்தே போனாலும் சாகல,” என்றான். சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் பேசி அவள் பார்த்தது கல்யாணத்தன்று ஒரு தரம், இது ஒரு தரம்.

ஐலீனுக்கு அந்த நிகழ்ச்சி மேல் ஆசையா என்ன? மண்ணாங்கட்டி! நாற்பது வருஷமாக வின்ஸ் மேடையில் விற்றது அவளைத்தான். அவள் சமையல், அவள் இடுப்பு, அவள் குறட்டை, அவள் அம்மாவின் மீசை. ஆரம்பத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தானும் சிரித்தாள். ஒரு நாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தன் அவள் இடுப்பைக் காட்டிச் சிரித்த பிறகு போவதை விட்டுவிட்டாள். இப்போது ஒரு போன் போட்டால் போதும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பழி தீர்ந்துவிடும். அந்த நினைப்பும் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, இனிக்கவும் செய்தது. கீழே போய் வான்கோழிக்கு எண்ணெய் தடவினாள்.

ஐந்து மணிக்கு நெவில் வந்துவிட்டான், கையில் ஷெர்ரி புட்டியோடு. வரும்போதே லேசாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

“எங்கே நம்ம சூப்பர் ஸ்டார்?”

“மேல. தூங்கறான்.”

“ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“எழுப்பாத. எட்டு மணிக்கு முழிச்சு நிகழ்ச்சி பாக்கணும்னு சேத்து வெச்சுத் தூங்கறான். மேலயே டிவி இருக்கு, படுத்தபடி பாத்துக்குவான்.”

“இப்பவே ராஜா உபசாரமா!” நெவில் கோட்டைக் கழற்றினான். அவனிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் அவன் குடிக்கிற கிளப் முழுவதற்கும் தெரிந்துவிடும்; அங்கிருந்து சானலுக்குப் போக எவ்வளவு நேரம்? ஐலீன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கெரிதான் தட்டை வைக்கும்போது முள்கரண்டியைத் தரையில் போட்டாள்.

தலைக்கு மேலே பிணம், மேஜையில் வான்கோழி. நெவில் கிறிஸ்மஸ் விருந்துக்கென்று தட்டருகே வைத்திருந்த காகிதக் குழல் வெடியை இழுத்து வெடித்து, உள்ளேயிருந்த கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். கெரி ஒரு உருளைக்கிழங்கைத் தட்டு முழுக்க உருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, டயட்டா? உங்கப்பன் மாதிரி ஆயிடாத, நடிகையோட ஸ்வெட்டர் உனக்கும் பொருந்திரும்,” என்றான் நெவில். கெரி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வின்ஸுக்கு வேலை பிடித்துத் தருகிற ஏஜெண்ட் பெர்னி ஏழு மணி சுமாருக்குக் கூப்பிட்டான். பின்னால் ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தது.

“எப்படியிருக்கான் நம்மாளு?”

“தூங்கறான்,” என்றாள் ஐலீன்.

“பாவம், தூங்கட்டும். இங்க பாரு கண்ணு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா முதல் போன் எனக்குத்தான் வரணும். வின்ஸுக்கு முடியலைன்னு போன வாரம்தான் சானல்ல சொன்னேன். பயந்தாங்கொள்ளிப் பசங்க, எதுக்கும் இருக்கட்டும்னு பழைய நிகழ்ச்சி ஒண்ணைத் தூசி தட்டி வெச்சிருக்காங்க. ஒரு பட்டன் அமுக்கினா மாத்திருவாங்க.”

“அப்படியா.”

“அப்படியெல்லாம் ஆகாது, விடு. கல்லு மாதிரி இருக்கான்ல?”

“கல்லு மாதிரித்தான் இருக்கான்,” என்று சொல்லிவிட்டு ஐலீன் போனை வைத்தாள்.

எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மாடிக்குப் போய்ப் படுக்கையறைத் தொலைக்காட்சியை முடுக்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நெவிலுக்குக் கேட்க வேண்டுமே. “ஆரம்பிக்கப் போறாங்க,” என்றாள் கட்டிலைப் பார்த்து. தாடை இறுகிவிட்டிருந்தது. மஃப்ளரை அவிழ்த்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

நிகழ்ச்சி மணியடித்துக்கொண்டு தொடங்கியது. பஞ்சுப் பனி கொட்டியது. ஜாஸ்பர் ஒவ்வொருத்தராக அறிமுகப்படுத்தினான். கடைசி நாற்காலியில், மான் ஸ்வெட்டரில், கிரீடம் காதுவரை இறங்கி, வின்ஸ். கெரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அட, நிஜமாவே வந்துட்டான்யா!” என்றான் நெவில். முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. இது போதுமே, இதை அவன் பார்த்திருக்கலாமே என்று ஐலீனுக்கு இருந்தது.

முதல் பத்து நிமிஷம் வின்ஸ் வாயே திறக்கவில்லை. பிறகு கிறிஸ்மஸ் விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “எங்க வீட்டுல சாப்பாடு ரெடின்னு பொண்டாட்டி கூப்பிட மாட்டா. புகை அலாரம் கூப்பிடும்,” என்றான் வின்ஸ். முப்பது வருஷப் பழசு. கூட்டம் சிரித்தது.

நெவில் தொடையில் அடித்துக்கொண்டான். “உன்னைத்தான் ஐலீன்! உன்னைத்தான் சொல்றான்!” அவள் சமைத்த வான்கோழியின் கொழுப்பு இன்னும் அவன் மீசையில் இருந்தது.

“தெரியுது,” என்றாள் ஐலீன்.

அப்புறம் ஜாஸ்பர் திரும்பினான். கெரி தாயின் கையைப் பற்றினாள். ஐலீன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“வின்ஸ், உன்னைப் பாத்தா அடுத்த வருஷ காலண்டர் வாங்கிக் குடுக்கறதே தண்டச்செலவு போலிருக்கே!”

வின்ஸின் முகம் வந்தது. மூச்சைப் பிடித்தபடி, கண் மின்ன, உதடு பிரிந்தது. உடனே சிரிப்பு. அரங்கமே இடிந்து விழுகிற சிரிப்பு. யாரோ ஒரு பெண் “ஐயோ போதும், போதும்” என்று கீச்சிட்டாள். நாற்காலி ஒன்று சாயும் சத்தம் கேட்டது. ஜாஸ்பர் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

அந்தக் கீச்சுக் குரலை ஐலீனுக்குத் தெரியும். அந்த நாற்காலியையும் தெரியும். ஆறு வாரமாக வின்ஸ் படுக்கையில் கிடந்தபடியே அதை நடித்துக்காட்டியிருக்கிறான். அது ஜாஸ்பருக்கு விழுந்த சிரிப்பு இல்லை. வின்ஸின் பதிலுக்கு விழுந்தது. பதிலை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சிரிப்பை மட்டும் உருவி ஜாஸ்பரின் வாய்க்கு அடியில் ஒட்டியிருந்தார்கள்.

நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “காலண்டர்! தண்டச்செலவு!” கூரையைப் பார்த்துக் கத்தினான்: “டேய் வின்ஸ்! பாத்தியாடா? நியாயமான கேள்விதானடா கேட்டான்! பதில் சொல்ல வாய் வரலியா? இதுக்காடா இந்த அலட்டு அலட்டின?”

மேலேயிருந்து தொலைக்காட்சியின் சிரிப்பு ஒரு நொடி பிந்தி இறங்கி வந்தது.

“அப்பா பேசினது எங்கம்மா?” கெரி அவள் காதருகே கேட்டாள். அடுத்த நொடி அவளே, “நவம்பர்னு சொல்லிட்டாரேம்மா. கிறிஸ்மஸ் அன்னைக்கு அதை எப்படிப் போடுவாங்க?” என்றாள்.

ஐலீன் மகள் பற்றியிருந்த கையை விடுவித்துக்கொண்டாள். இருபது வருஷம் ஊர் வாயையெல்லாம் கட்டினவன், தனக்கு வாய்த்த ஒரே வாய்ப்பில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். வெட்டுவார்கள் என்று இந்த நாட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? சொன்ன அந்த நொடியிலேயே தெரிந்திருக்கும். அந்த முந்நூறு பேர் போதும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம், சரி, அது அவன் பாடு. பிறகு ஆறு வாரம் எதற்காக இவளிடம் ‘பாரு, பாரு’ என்றான்? எதற்காகக் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான்? செத்த புருஷனை ஐந்து மணி நேரம் மாடியில் மறைத்து வைத்துவிட்டு இவள் உட்கார்ந்து பார்த்தது என்ன? தன் சமையலைப் பற்றி ஒரு நக்கல், அவன் சாவைப் பற்றி ஒரு நக்கல். பாவி, பாவி என்று மனசுக்குள் வைதாள். அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை.

கடைசி மணி அடித்து, பெயர்கள் ஓடின. ஐலீன் எழுந்து மாடிக்குப் போனாள். தொலைக்காட்சியை அணைத்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே வந்தாள்.

“நெவில், வின்ஸ் போயிட்டான்.”

நெவில் ஷெர்ரியை ஊற்றிக்கொண்டிருந்தான். “எங்க போயிட்டான்?”

“செத்துட்டான்.”

புட்டி மேஜையில் இடித்தது. “எப்ப?”

“இப்பத்தான். பாத்துக்கிட்டே.”

நெவில் கூரையைப் பார்த்தான். உதடு கோணியது. காகிதக் கிரீடம் இன்னும் தலையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை அவனுக்கு. “ஐலீன்,” என்றான், சின்னப் பையன் மாதிரி. “நான் கத்துனேன்ல... அது அவனுக்குக் கேட்டிருக்குமா?”

கெரி தாயைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

“கேட்டுது,” என்றாள் ஐலீன். “ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது.”

நெவில் நாற்காலியில் சரிந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். புல் வெட்டுகிறவன் என்று சொன்ன வாய் அது. ஐலீன் நின்று பார்த்தாள். அவளுக்கு அது சுகமாக இருந்தது. சாயங்காலத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கிய முதல் சூடு அதுதான்.

“நான் மனசுல வெச்சுக்கிட்டு சொல்லல, ஐலீன். அண்ணன்கிட்ட பேசற பேச்சுதானே. அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்.” எழுந்துவிட்டான். “உடம்பு ஆறறதுக்குள்ள ஒரு தரம் கையைப் பிடிச்சுக்கறேன்.” படியை நோக்கிப் போனான்.

ஐலீன் குறுக்கே நின்றாள். “கொஞ்ச நேரம் குடு. தொடைச்சு சட்டை மாத்திடறேன். இந்தக் கோலத்துல பாக்காத.”

நெவில் தலையாட்டிவிட்டுக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

சமையலறைக்குக் கெரி பின்னாலேயே வந்தாள். “அம்மா, மத்தியானமே போனவரு. கை ஐஸ் மாதிரி இருக்கும். தொட்டா தெரிஞ்சிரும். உண்மையைச் சொல்லிரும்மா. இல்ல, கேக்கலைன்னாவது சொல்லு. பாவம், சித்தப்பா தாங்க மாட்டாரு.”

“கெட்டில்ல தண்ணி வை,” என்றாள் ஐலீன்.

தண்ணீர் கொதித்ததும் ரப்பர் ஒத்தடப் பையில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி மூடியைத் திருகினாள். அழுதுகொண்டிருந்த நெவிலைத் தாண்டிக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள். வின்ஸின் கைகள் விறைத்திருந்தன. வலது கையை மெதுவாக உயர்த்தி, பையை அதன் அடியில் தள்ளிப் போர்வையை இழுத்துவிட்டாள். கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு சுரீரென்றது. பையை வெளியே எடுத்து, அவனுக்குத் தோல் வெந்துவிடாமல் ஒரு துண்டைச் சுற்றி, மறுபடியும் உள்ளே வைத்தாள்.